சிவகரனுக்கு விழுந்த மாலை

ஒரு அரசாங்கப் பணியகம் மாலை வாங்கினால் அதை யாராவது ஒருவருக்குப் போட்டே ஆகவேண்டும். வாங்கிப் போடாமல் விட்ட மாலைக்குக் கணக்காய்வில் பதில் சொல்ல ஏலாது. பொதுமக்கள் பணம் வீணாகக் கூடாது என்ற இந்த நல்ல ஏற்பாட்டினால்தான் ஸ்கந்தபுரம் சந்தியில் சிவகரன் இறக்க நேர்ந்தது.

சிவகரன் அந்த நேரம் தெற்கில் ஒரு சிறைச்சாலையில் மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் கணக்குப் படிப்பித்த தொண்டர் ஆசிரியர் அவன். ஒருநாள், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். சொன்ன சொல் தவறாதவர்கள், இன்னும் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். நீதிபதி வரும் தவணைக்கு மொழிபெயர்ப்பாளர் வரமாட்டார். அவர் வந்தால் நீதிபதிக்கு இடமாற்றம் வந்திருக்கும். எங்கள் பிள்ளைகள் அன்றிலிருந்து கணக்குப் பாடத்துக்கு மரத்தடியில் விளையாடுகிறார்கள்.

அவனுடைய தாய் அன்னபாக்கியம் அக்கா சந்தியில் ஒரு தறப்பாள் கொட்டகைக்குள் மகனின் படத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக இருக்கிறார். பிள்ளைகளைச் சிறை மறியலில் விட்ட வேறு தாய்மாரும் கூட இருக்கிறார்கள். அன்னபாக்கியம் அக்காவுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. படத்துக்குக் கிட்ட ஒரு பூ வரக்கூடாது. ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளையொன்று பாசத்தில் ஒரு செவ்வரத்தம் பூவைக் கொண்டுவந்து வைக்க, "என்ர பிள்ளை இருக்கிறானடி!" என்று சத்தம் போட்டு எடுத்து எறிந்தார். பிறகு அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதார்.

இந்தப் போராட்டத்துக்கு ஊர்ச்சனமாகிய எங்களுடைய ஆதரவு எப்போதும் உண்டு. பஸ்ஸில் போகும்போது கொட்டகையைத் திரும்பிப் பார்ப்போம். யன்னல் பக்கம் இருப்பவர்கள் உச்சுக் கொட்டுவதும் உண்டு.

இப்படி இருக்கையில், நல்லெண்ண ஒருமைப்பாட்டு ஊக்குவிப்புப் பணியகம் என்ற ஒன்று கொட்டகைக்குப் புதிய தகரக் கூரை போட்டுத் தந்தது. பிள்ளைகளை விடச் சொன்னால் கூரை தருகிறார்களே என்று தாய்மார் யோசித்தார்கள். என்றாலும் மாரி வருகிறதே என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். கூரை போட்டால் திறப்புவிழா வேண்டும். திறப்புவிழாவுக்குக் கொழும்பிலிருந்து பணிப்பாளர் நாயகம் வந்தார். பள்ளிக்கூட பாண்ட் வாத்தியக் குழு வெயிலில் நின்றது. பணியகத்தின் இணைப்பாளர் ஜனார்த்தனன் ஒலிவாங்கியைப் பிடித்தபடி அங்குமிங்கும் ஓடினார். அன்னபாக்கியம் அக்காவை வாசலில் பன்னீர்ச் செம்போடு நிறுத்தியிருந்தார்கள்.

அன்றைக்குச் சோளகக் காற்று நல்ல வீச்சு. குத்துவிளக்கு நூர்ந்து நூர்ந்து போனது. ஜனார்த்தனன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காற்றுப் படாத இடமாகச் சிவகரனின் படத்துக்கு முன்னால் அதைத் தூக்கி வைத்தார். விளக்கு நின்று எரிந்தது. அடுத்ததாக மாலை. இரண்டு மாலை வாங்கியிருந்தார்கள். ஒன்று பணிப்பாளர் நாயகத்துக்கு. மற்றது சிறப்பு விருந்தினருக்கு, அவரோ வரவில்லை. மிஞ்சிய மாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஜனார்த்தனன் கணக்காய்வை நினைத்தார். பிறகு அதைப் படத்துக்குப் போட்டுவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

பணிப்பாளர் நாயகம் திரும்பிப் பார்த்தார். படம், மாலை, எரிகிற விளக்கு. நீண்டகால நிர்வாக அனுபவம் உள்ளவர் ஆகையால் யாரும் சொல்லாமலே எழுந்து தலை குனிந்து நின்றார். அவர் எழும்பினால் ஜனார்த்தனன் எழும்பவேண்டும். ஜனார்த்தனன் எழும்பினால் கிராம அலுவலர் கோகுலன் எழும்பவேண்டும். பாண்ட் வாத்தியம் நின்றது. பிறகு பணிப்பாளர் நாயகம் மெதுவாகக் கதிரையில் அமர்ந்தபோது, சிவகரன் உத்தியோகபூர்வமாக இறந்துவிட்டிருந்தான்.

அன்னபாக்கியம் அக்கா ஓடிவந்து மாலையைப் பிடுங்கினார். அதையும் பத்திரிகைக்காரர் படம் பிடித்து, 'தாயின் கதறல்' என்று போட்டார்கள்.

பொழுதுபடும் நேரத்துக்குள் கனடா அழுதது, சுவிஸ் அழுதது, லண்டனில் இருவர் நேரலையில் அழுதார்கள். மறுநாள் ஜெயபுரம் வரைக்கும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள். ஒவ்வொன்றிலும் சிவகரனின் முகத்தைவிட அஞ்சலி செலுத்துபவரின் முகம் பெரிது. உயிரோடிருந்தவனுக்காக ஒருநாளும் கொட்டகைக்கு வராத கட்சிகள் இரண்டு, இறந்தவனின் பெட்டியை யார் முன்னால் தூக்குவது என்று சந்தியில் சண்டை பிடித்தன. பெட்டி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நாகரிகமில்லை.

கொட்டகையும் கதிரையும் வாடகைக்கு விடுகிற யஹ்யா, அன்னபாக்கியம் அக்காவின் வாசலுக்கு வந்து தயங்கி நின்றார்.

"அக்கா, தெருவுக்குச் செத்தவீட்டு வெள்ளைக்கொடி கட்டச் சொல்லி ரெண்டு கட்சிக்காரரும் போன் எடுத்தவை. நான் கட்டேல்லை. முதலில உங்களிட்டக் கேப்பமெண்டு வந்தனான்."

"தம்பி யஹ்யா, நீயாவது கேட்டியே."

அப்போது தொலைபேசி அடித்தது. சிறைச்சாலையிலிருந்து சிவகரன்.

"அம்மா, நான் செத்துப்போனனாம். இஞ்ச பேப்பரில கிடக்கு. படம் வடிவாத்தான் இருக்கு. என்ன நடந்தது?"

அன்னபாக்கியம் அக்கா அவனுடைய குரலைக் கேட்டுக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டார்.

மறுநாள் யஹ்யாவின் லான்ட்மாஸ்டர் உழவுயந்திரப் பெட்டியில் ஏறி, ஜனார்த்தனனின் கந்தோருக்குப் போனார்.

"ஐயா, என்ர பிள்ளை உயிரோட இருக்கிறான்."

"இருங்கோ அம்மா. முதலில எங்கட ஆழ்ந்த அனுதாபங்கள்."

"அனுதாபம் வேண்டாம். நேற்று என்னோட போனில கதைச்சவன்."

"போனில குரல் கேட்டால் ஆள் இருக்கிறார் எண்டு எப்பிடிச் சொல்லுறது? ரேடியோவில பாட்டும்தான் கேக்குது. பாடினவை எத்தினை பேர் இப்ப இல்லை."

"அப்ப, அவன் செத்ததுக்கு உங்களிட்ட என்ன அத்தாட்சி கிடக்கு?"

"பணிப்பாளர் நாயகம் எழும்பி நிண்டவர்."

"அவர் பிழையா நிண்டிட்டார்."

ஜனார்த்தனன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மெல்லக் கதையுங்கோ அம்மா. அவர் தன்ர சேவைக்காலத்தில ஒருநாளும் பிழையா எழும்பினதில்லை."

அன்னபாக்கியம் அக்காவுக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னார். "எண்டால், செத்தவனை ஏன் இன்னும் மறியலில வைச்சிருக்கிறியள்?"

ஜனார்த்தனன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தக் கேள்வியை இவ்வளவு காலமும் நீங்கள் ஏன் கேக்கேல்லை அம்மா?"

"இவ்வளவு காலமும் அவன் சாகேல்லையே!"

ஜனார்த்தனன் சிறைச்சாலைக்குத் தொலைபேசி எடுத்தார். ஆள் சுகமாக இருக்கிறார், கரப்பந்து விளையாடுகிறார் என்று அங்கிருந்து பதில் வந்தது. அதுதான் பாரதூரமான விடயம் என்று இவர் விளக்கினார். அரசாங்கம் அஞ்சலி செலுத்திய ஒருவரைக் கரப்பந்து விளையாட விடுவது அரசாங்கத்தை அவமதிப்பதாகும். மேலும், இறந்தவரைத் தடுத்துவைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கூட. மறுமுனையில் பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள். கடைசியில், உடலை உறவினரிடம் கையளிப்பது என்று முடிவாயிற்று. உடல் எந்த நிலையில் இருக்கவேண்டும் என்று சுற்றறிக்கையில் எங்கும் சொல்லப்படவில்லை.

"பாத்தீங்களே அம்மா," என்றார் ஜனார்த்தனன் பெருமையோடு. "இறந்தவை விசயத்தில எங்கட பணியகத்துக்கு இனம், மதம், மொழி ஒண்டும் இல்லை. எல்லாரும் சமம்."

"உயிரோட இருக்கிறவை?"

"அதுக்கு ஒரு குழு போட்டிருக்கு."

ஒரேயொரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. மரணத்தைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும். கோகுலன் நேர்மையான மனிதர்.

"அம்மா, நான் சாப்பிடாத செத்தவீட்டை எப்பிடி உறுதிப்படுத்துறது? எட்டுச் செலவு வையுங்கோ. வந்து சாப்பிடுறன். நானே சாப்பிட்டனான் எண்டால் மேலிடத்தில ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்."

எட்டுச் செலவு என்றால் இறந்த எட்டாம் நாள், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்து, காகத்துக்கும் வைத்து, ஊருக்கும் போடுவது. அன்னபாக்கியம் அக்கா எழும்பிவிட்டார்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு நான் எட்டுப் படைக்கிறதோ? என்ர கையாலயோ? ஏலாது."

வீட்டுக்கு வரும் வழியில் யஹ்யா லான்ட்மாஸ்டரை ஒரு நிழலில் நிறுத்திவிட்டுக் கதைத்தார்.

"அக்கா, எங்கட சனத்தைத் துரத்தினாப் பிறகு கனகாலம் புத்தளத்தில கிடந்திட்டு, நாங்கள் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து பதியப் போனம். நீங்கள் புத்தளத்திலதானே இருக்கிறியள் எண்டு கந்தோரில சொன்னவை. நான் அவைக்கு முன்னால நிக்கிறன்! புத்தளத்துக்குப் போனால், நீங்கள் முல்லைத்தீவு ஆக்கள் எண்டினம். நாங்கள் எங்க இருக்கிறம், இருக்கிறமோ இல்லையோ எண்டு அவைதான் சொல்லுவினம். பிள்ளை முதல்ல வீட்டை வரட்டும். உயிரைப் பிறகு எடுத்துக் குடுப்பம்."

அன்னபாக்கியம் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அவனுக்கு நண்டுக் கறியெண்டால் உயிர்," என்றார்.

அவர் கிணற்றடியில் அரிசி கழுவியதை நான் பார்த்தேன். பிறகு குசினிக்குள் யாரையும் விடாமல் தனியே அழுதார். அந்த மனுசி அழுததை வைத்துப் பகிடி பண்ண எனக்கு மனம் வரவில்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

படத்துக்கு முன்னால் தலைவாழையிலை போட்டுச் சோறும் நண்டுக் கறியும் முருங்கையிலை வறையும் படைத்தார். பூ வைக்கவில்லை. கோகுலன் வாசலில் இன்னொரு இலையைக் காட்டி, "காகத்துக்கு வைக்கேல்லையே?" என்றார்.

"வைக்கமாட்டன். என்ர பிள்ளையின்ர சோறு காகத்துக்கில்லை."

"காகம் எடுக்காட்டி..."

"நீங்கள் எடுக்கிறியள்தானே. அது காணும்."

கோகுலன் அதிலுள்ள நியாயத்தை ஏற்றுக்கொண்டு பந்தியில் இருந்தார். வேலியில் வந்திருந்த காகங்களை அன்னபாக்கியம் அக்கா தடியெடுத்துக் கலைத்துக்கொண்டே நின்றார். படையல் இலையை ஒரு சுளகால் மூடிவைத்தார்.

கோகுலன் இரண்டாம் முறை சோறு கேட்ட நேரத்தில் சிறைச்சாலை வான் வந்து நின்றது. உத்தியோகத்தர் ஒருவர் இறங்கினார். "உடல் ஒண்டு. ஆர் பாரமெடுக்கிறது?" என்று கேட்டார். பின்கதவால் உடல் ஒரு பையோடு குதித்தது. தலை நரைத்து, கன்னம் ஒட்டியிருந்தது. அன்னபாக்கியம் அக்கா மகனின் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். கையில், காலில், முதுகில் என்று தடவிக்கொண்டே இருந்தார்.

"வா ராசா, சாப்பிடு."

சுளகைத் தூக்கி, தன் படத்துக்கு முன்னால் தன் இலையில் உட்கார்ந்து, சிவகரன் நண்டை உடைத்தான். நானும் எத்தனையோ எட்டுச் செலவுக்குப் போனவன். இறந்தவர் இவ்வளவு ருசித்துச் சாப்பிட்டதை எங்கும் கண்டதில்லை. கோகுலன் கையைக் கழுவி, பெரிதாக ஒரு ஏவறை விட்டு, மரணத்தை உறுதிப்படுத்தினார்.

மறுநாள் ஜனார்த்தனன் நேரில் வந்தார்.

"தம்பி, ஒரு சின்ன உதவி. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்தில உங்கட ஞாபகார்த்தமா ஒரு வகுப்பறை திறக்கிறம். அண்டைக்கு மட்டும் நீங்கள் அந்தப் பக்கம் வராட்டி நல்லம்."

"நல்ல விசயம். அந்த வகுப்பில கணக்கு ஆர் படிப்பிக்கிறது?"

"ஆளில்லை. நீங்கள் போன நாளில இருந்து வெற்றிடம்தான்."

"நான் வந்திட்டனே. நான் படிப்பிக்கிறன்."

ஜனார்த்தனன் பரிதாபமாகப் பார்த்தார். "இறந்தவரை நியமிச்சால் கணக்காய்வில கேள்வி வரும் தம்பி."

அன்று பின்னேரமே மற்றத் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு ஜனார்த்தனனின் கந்தோர் வாசலில் நின்றார்கள். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாலை. அன்னபாக்கியம் அக்காவைப் போலச் செவ்வரத்தம் பூவைக்கூட அண்டவிடாத தாய்மார் அவர்கள்.

"ஐயா, எங்கட பிள்ளையளுக்கும் ஒருக்கா எழும்பி நில்லுங்கோ."

"இப்ப எப்பிடி அம்மா? நான் எழும்பினால் செல்லாது. பணிப்பாளர் நாயகத்துக்கு அடுத்த வருசம்தான் நேரம் கிடைக்கும். அதுவரைக்கும் பிள்ளையளை உயிரோட இருக்கச் சொல்லுங்கோ."

தாய்மார் திரும்பி வந்து, கொட்டகையில் படங்களை வரிசையாக வைத்து, தாங்களே விளக்கை ஏற்றினார்கள். செய்தி பரவியது. இவ்வளவு காலமும் பஸ் யன்னலால் பார்த்த ஊர் முழுக்க அன்றைக்கு இறங்கி வந்தது. யஹ்யாவின் கதிரைகள் போதாமல் போய், பள்ளிக்கூடத்திலிருந்து வாங்குகளும் எடுத்து வந்தோம். நானும் போனேன். புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன்.

அன்னபாக்கியம் அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாலைகளைப் பார்த்தார். ஒவ்வொரு தாயின் முகத்தையும் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு சனம் இந்த ஊரில இருந்ததே? பிள்ளையள் இருக்கினம், இருக்கினம் எண்டு கத்தேக்க எங்கயடா நிண்டனியள்?"

அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் விருப்பம்தான். ஆனால் மௌன அஞ்சலி தொடங்கிவிட்டது.