பொய் சொல்லாத பிள்ளைக்கு ஒரு செர்ரி மரம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு பையோடு ஜெர்மனிக்கு வந்து, கோப்பை கழுவி, வுப்பர்டாலில் சொந்தமாக மரக்கறிக் கடை போட்டேன். கடைத் தட்டுகள், வீட்டுப் படிக்கட்டு, கோயில் பெருநாள் ஊர்வலத்தில் மாதா சுருவத்தைச் சுமக்கும் கூடு எல்லாம் என் கைவேலை. (ஓர் ஆணிகூடக் கழலவில்லை, போய்ப் பாருங்கோ.) அப்படிப்பட்டவனை ஒரு பள்ளிக்கூட நாடகம் கவிழ்த்தது.

யூரோ வந்து சில வருடங்கள் இருக்கும். மகள் நிரோஜாவின் வகுப்பு, அமெரிக்கா சுதந்திரம் பெற்ற காலத்தைப் பற்றி விழா வைத்தது. கமக்காரரும் தச்சரும் கடைக்காரரும் தேயிலையைக் கடலில் கொட்டி அரசனையே எதிர்த்தார்கள் என்று அவள் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. எல்லாம் என்னைப் போன்ற ஆட்கள். அவர்களுடைய முதல் ஜனாதிபதி சிறுவயதில் தகப்பனின் செர்ரி மரத்தில் கோடரி வைத்துவிட்டு, பொய் சொல்லாமல் ஒத்துக்கொண்டாராம். அதுதான் நாடகம். நிரோஜாவுக்குத் தகப்பன் வேடம்.

"அப்பா, மேடைக்கு ஒரு செர்ரி மரம் வேணும்."

"நான் கொண்டு வாறன்."

அவள் நினைத்தது அட்டை மரம். நமக்கோ விழா என்றால் குலையோடு வாழையை வெட்டி வாசலில் கட்ட வேண்டும். அட்டை வாழை கட்டிய கலியாணத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா? தோட்டச் சங்கத்திடம் ஆறு வருடம் காத்திருந்து வாடகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் ஒரு செர்ரி பூத்து நின்றது. கேட்காமல் மரம் வெட்டினால் நிலம் பறிபோகும் என்பது சங்க விதி. (மனைவி வாசித்துக் காட்டினவள்தான். நான் கேட்டேனா?) அடியோடு அறுத்து, வாளியில் சிமெந்து குழைத்து நட்டு, மேடையில் நிறுத்தினேன். ஆசிரியை வாயடைத்துப் போனார். பாராட்டு என்று நினைத்தேன்.

சிறுவனாக நடித்தவள் சங்கத் தலைவரின் பேத்தி. தலைவர் முன்வரிசையில் இருந்தார். வெள்ளைப் பொய்முடியோடு நிரோஜா, "என் மரத்தில் கோடரி வைத்தது யார்?" என்று கர்ச்சித்தாள். பேத்தி வாய் திறக்குமுன் தலைவர் எழுந்துவிட்டார். மரத்தில் சங்கம் அடித்த தகர இலக்கம் இருந்தது. (அதைத் துடைத்துப் பளபளப்பாக்கியதும் நான்தான்.)

"இது பதினேழாம் தோட்டத்து மரமல்லவா? யார் வெட்டியது?"

ஆறு வருடக் காத்திருப்பு கண்முன் வந்தது. "காற்றில் விழுந்தது" என்றேன்.

மனைவி கிள்ளினாள். "இஞ்சேருங்கோ, நேற்று ஒரு இலைகூட ஆடேல்லை."

மேடையிலிருந்து நிரோஜா தமிழில் சொன்னாள்: "அப்பா, பொய் சொல்லாத பிள்ளையைப் பற்றித்தான் நாடகமே. எழும்பிச் சொல்லுங்கோ."

எழுந்தேன். "நான்தான்" என்றேன்.

கதையில் தகப்பன் மகனை மன்னித்துக் கட்டியணைப்பார். மண்டபமே தலைவரைப் பார்த்தது. அந்தப் பெரிய மனிதர் பேத்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நேரே வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். நிலம் தப்பியது. இரண்டு கன்று நடச் சொன்னார், நட்டேன். இன்றைக்கும் வீட்டில் எது உடைந்தாலும், "காத்து, அப்பா" என்கிறார்கள்.

அந்த ஜனாதிபதியின் செர்ரி மரக் கதை நடக்கவேயில்லை, யாரோ பின்னாளில் கட்டிவிட்டது என்று ஆசிரியை பிறகுதான் சொன்னார். அப்படியென்றால் அமெரிக்காவில் மரமும் வெட்டுப்படவில்லை, உண்மையும் சொல்லப்படவில்லை. இரண்டும் நடந்தது வுப்பர்டாலில். பள்ளிக்கூட மலரில் படத்துக்குக் கீழே "மேடை அலங்காரம்: மாணவர்கள்" என்று போட்டிருக்கிறார்கள். அதை அடித்துவிட்டு என் பெயரைப் போடச் சொல்லுங்கோ.