இரு சிறுநீரகங்களின் அத்துமீறல்

எங்கள் பெரியப்பா குடிநீர் அலுவலகத்தின் தலைமை அதிகாரி. அவர் கையெழுத்து இல்லாமல் ஊரில் ஒரு குழாயும் சொட்டாது. கையெழுத்து ஆன பிறகும் சில குழாய்கள் சொட்டுவதில்லை. அது வேறு பிரிவின் பொறுப்பு.

அவரிடம் போய் டாக்டர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"உடம்புல தண்ணி எவ்வளவு நிக்கணும், உப்பு எவ்வளவு வெளிய போகணும், அமிலம் கூடினா என்ன செய்யணும், எல்லாத்தையும் உங்க சிறுநீரகம் ரெண்டும் தானே பாத்துக்கும் சார்."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். "தானேன்னா? யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்காது சார்."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நீங்க பொறந்ததுலேருந்து."

அன்று மாலையே ஆணை பிறந்தது. 'மேற்படி உறுப்புகள் இரண்டும் உரிய அனுமதியின்றி நீரையும் உப்பையும் வெளியேற்றி வருவது கவனத்துக்கு வந்துள்ளது. இனி ஒவ்வொரு சொட்டுக்கும் கீழே கையொப்பமிட்டவரின் முன்னனுமதி பெறப்பட வேண்டும்.' வயிற்றைப் பார்த்து உரக்க வாசித்தார். சம்பந்தப்பட்டவர்கள் பின்பக்கம் குடியிருப்பதால், பெரியம்மாவை விட்டு முதுகிலும் ஒரு பிரதி ஒட்டவைத்தார்.

சிறுநீரகங்கள் கீழ்ப்படிந்தன. வினையே அதுதான்.

மறுநாள் இடுப்பில் சுருக்கென்றது. அதுதான் விண்ணப்பமாம். "பரிசீலனையில் உள்ளது" என்றார் பெரியப்பா.

கால் வீங்கியது. முகம் உப்பியது. "ஐயாவுக்கு இப்பதான் ஒரு களை வந்திருக்கு" என்றார்கள் அலுவலகத்தில். அமிலம் தேங்கத் தேங்க, நுரையீரல் அடுத்த பிரிவின் வேலையையும் சேர்த்து இழுத்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாடிப்படி ஏறுகிறவர் மாதிரி அவருக்கு மூச்சு வாங்கியது. வெளியேற வழியில்லாத பொட்டாசியம் இதயத்தை முற்றுகையிட, அது தாளம் தப்பியது.

"செத்துப் போயிடுவீங்க. கையெழுத்தைப் போட்டுத் தொலைங்க" என்றாள் பெரியம்மா.

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்குடி."

"சாவுக்குமா?"

டாக்டர் ஓடிவந்து முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். உள்ளேயிருந்து தணிந்த குரல் வந்தது: "எங்க கையில ஒண்ணுமில்லீங்க. மேலிடத்துல பாருங்க."

பெரியப்பா மூச்சிரைப்பிலும் பூரித்துப் போனார். "கேட்டீங்களா? என்ன ஒழுங்கு பாத்தீங்களா?"

ஒருவழியாகப் பெரியப்பா கையெழுத்துப் போட இறங்கிவந்தபோது விரல்கள் வீங்கிப் பேனா பிடிக்க வரவில்லை. பெரியம்மா முதுகுப் பிரதியிலேயே 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதி, அவர் பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கி அதன்கீழ் ரேகை வைத்தாள். அடுத்த நொடி பெரியப்பா குளியலறைக்கு ஓடினார். தேங்கிக் கிடந்த கோப்புகள் அனைத்தும் ஒரே மூச்சில் தீர்வு கண்டன.

அவர் ஓய்வில் கிடந்த வாரம், கையெழுத்துக்கு ஆளில்லாமல் பம்ப் ஓட்டுகிறவர் தானாகவே வால்வைத் திறந்துவிட்டார். ஊர் முழுக்கக் குழாய்களில் தண்ணீர் பீறிட்டது.

ஒருவரும் வாளி பிடிக்கவில்லை. அவசர அவசரமாகக் குழாயை மூடிவிட்டு எங்கள் வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள்.

"யார் கையெழுத்தும் இல்லாம வருதுங்க. குடிச்சா ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

வரிசையில் முதல் ஆள் டாக்டர்.