ரசவடை தின்னாத மாப்பிள்ளை

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மாப்பிள்ளைப் பையனின் யோக்கியதையை அறிய யாரும் அவன் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை. பங்குச் சாமியாரிடமும் கேட்பதில்லை. நேரே தட்டுக்கடைக்குத்தான் போவார்கள். பெண்ணைப் பெற்றவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ சொல்லிவிட்டு, போகிற போக்கில் பையனின் பெயரை எடுப்பார். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே நற்சான்றிதழ் வழங்குவார். ‘ஆளு கொள்ளாம்’ என்றால் கல்யாணம். ‘ம்... என்னத்த சொல்ல’ என்று இழுத்தால் அந்தச் சம்பந்தம் அந்த பெஞ்சிலேயே முடிந்தது. இதற்கு மேல் அப்பீலுக்குப் போக நம் நாட்டில் கோர்ட்டு கிடையாது.

இந்த வழக்கத்தில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. சான்றிதழ் வழங்கும் அத்தனை பேருக்கும் என்னைத் தேவைக்கு மேலேயே தெரியும். வீடு அருமனை, களியக்காவிளையில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை, அம்மா பிறந்த வீடு குளச்சல் பக்கம். இந்த மூன்று ஊரிலும் எங்கே எது எப்போது சூடாக இறங்கும் என்பது எனக்கு அத்துப்படி. அருமனையில் தாவீது அண்ணன் கடை ரசவடை. களியக்காவிளையில் அஷ்ரப் இக்கா கடை புரோட்டாவும் பீஃப் வறுவலும். குளச்சலில் திரேசக்கா கடை மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும். (வீட்டிலும் சாப்பிடுவேன். அம்மா மனம் நோகக்கூடாது அல்லவா?)

அப்போதுதான் ஷைனி வந்தாள். நண்பன் ஒருவனின் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை. பாயசமும் போளியும் வந்த நேரத்தில், “எனக்கு இனிப்பு ஆகாது, நீங்க எடுத்துக்கிடுங்க” என்று தன் போளியை என் இலைக்குத் தள்ளினாள். இவளை விட்டால் எனக்கு வேறு பெண் இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அவளும் ஏதோ நல்ல நேரத்தில் சம்மதித்தாள். தரகர் ஒருவரைப் பிடித்து, பெரியவர்கள் பார்த்துப் பேசுவது போலவே எல்லாவற்றையும் நகர்த்தினோம். பாக்கி இருந்தது அவள் அப்பாவின் விசாரணை மட்டும்.

“சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல அப்பா விசாரிக்க வாறாங்க” என்று போனில் சொன்னாள். “ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. அப்பா ஹெல்த் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. கடைத் தீனின்னா அவங்களுக்கு ஆகவே ஆகாது. இதுக்கு முன்னால வந்த மாப்பிள்ளைங்க எல்லாம் விசாரணையிலதான் போனாங்க.”

“எல்லாரும் கடையில தின்னு மாட்டுனவங்களா?”

“காரணம் சொல்லமாட்டாங்க. திரும்பி வந்து ‘சரிப்படாது’ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.”

கடைத் தீனியை எதிர்த்தே உத்தியோகம் பார்த்த மனிதர், கடைத் தீனியிலேயே வளர்ந்த என்னைப் பற்றி, கடைக்காரர்களிடமே விசாரிக்க வருகிறார். ஷைனி கைவிட்டுப் போய்விடுவாள் என்ற பயத்தில் எனக்கு அறிவு வேலை செய்தது. (அதாவது, வேலை செய்வதாக நான் நினைத்துக்கொண்டேன்.) வெள்ளிக்கிழமையே மூன்று ஊருக்கும் போய் மூன்று பேரிடமும் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். யார் வந்து கேட்டாலும், ‘செல்வினா, அவன் கடைப் பக்கமே வரமாட்டான்’ என்று சொல்ல வேண்டும்.

தாவீது அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “எனக்க ரசவடை அவ்வளவு கேவலமாப் போச்சாலே?” என்றார். அவரைச் சமாதானப்படுத்த அன்றைக்கும் ரசவடை தின்ன வேண்டியிருந்தது. அஷ்ரப் இக்கா, “கல்யாணக் காரியத்துக்குப் பொய் சொன்னா அது பொய்யில்ல மக்கா” என்று உடனே ஒப்புக்கொண்டார். திரேசக்காதான் ஒரு படி மேலே போனாள். பொய் சொல்ல மாட்டேன் என்று முதலில் அடம்பிடித்தாள். நான் அழாத குறையாகக் கெஞ்சியதும் மனமிரங்கி, “அந்தோணியார் மேல சத்தியமா, உன்னைக் கண்டதே இல்லன்னு சொல்லுதேன். போதுமாலே?” என்று அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த படத்தைத் தொட்டாள்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, தாவீது அண்ணன் கடைக்கு எதிரே இருக்கும் சலூனில் போய் உட்கார்ந்தேன். காலையிலிருந்து கஞ்சி மட்டும்தான் குடித்திருந்தேன், பாடத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று. சும்மா உட்கார்ந்தால் சந்தேகம் வருமே என்று முகத்தில் சோப்பு போடச் சொன்னேன். கண்ணாடியில் பார்த்தால் எதிர்க்கடை நன்றாகத் தெரிந்தது.

ஷைனியின் அப்பா கனகராஜ் சார் பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் என் போட்டோ. பெஞ்சில் உட்கார்ந்து ரசவடை சொன்னார். பரிசோதனைக்கு மாதிரி எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வடையைப் பிட்டுப் பார்த்தார், வாயில் போட்டார், கண்ணை மூடினார். பிறகு கிண்ணத்தைத் தூக்கி ரசத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். பரிசோதனை ரொம்ப ஆழமாகப் போகிறதே என்று பயந்தேன். அப்புறம் ஏதோ கேட்டார். தாவீது அண்ணன் கையை ஆட்டி, தலையை ஆட்டி, மூக்கைப் பொத்திக் காட்டி, ஒரு நாடகமே நடத்தினார். சாரின் முகம் வாடிவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாதி சவரத்தோடு ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

“பொளந்து கட்டிட்டேன் மக்கா!” என்றார் தாவீது அண்ணன். “வீட்டுல கஞ்சியும் சுட்ட அப்பளமும்தான் அவனுக்க ஆகாரம்னு சொன்னேன். ‘ரசவடைகூடத் தின்னமாட்டானா?’ன்னு கேட்டாரு. ‘மணம் அடிச்சாலே மூக்கைப் பொத்துவான் சாரே’ன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“அதான் மக்கா புரியல. ‘அருமனையில பிறந்துட்டு ரசவடை தின்னாதவனா? அவன் என்ன மனுசன்? சரிப்படாது’ன்னுட்டாரு. களியக்காவிளையிலயும் ஒரு வாக்கு கேட்டுப் பாக்கேன்னு போயிருக்காரு.”

நான் சொல்லிக்கொடுத்த பாடமே எனக்குத் தூக்குக்கயிறாகிவிட்டது. அஷ்ரப் இக்காவுக்குப் போன் மேல் போன் போட்டேன். மாவு பிசைகிற மனிதர் எந்தக் கையால் எடுப்பார்? ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கை விரட்டினேன். களியக்காவிளையில் சனிக்கிழமை நெரிசலில் அகப்பட்டு, கடை வாசலை அடைந்தபோது ஸ்கூட்டர் புறப்பட்டுப் போயிருந்தது.

“எல்லாம் சரியாச் சொல்லியாச்சு மக்கா” என்றார் இக்கா, சந்தோஷமாக. “நம்ம கடை வாசனை பட்டாலே நீ ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறி நடப்பேன்னு சொன்னேன். அவரு புரோட்டாவைப் பாதியில வச்சுட்டு எழும்பிட்டாரு. அடுத்தால குளச்சலாம்.”

கருங்கல் தாண்டும்போது ஸ்கூட்டரைப் பிடித்துவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு முந்தினேன். குளச்சலில் படகுகள் கரையேறி மீன் ஏலம் போய்க்கொண்டிருந்தது. திரேசக்கா கடையில் பாய்ந்து உட்கார்ந்து, “அக்கா, சொன்னதையெல்லாம் மாத்து! யாரு கேட்டாலும் நான் இஞ்சதான் எப்பவும் தின்பேன்னு சொல்லு!” என்று மூச்சிரைத்தேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். “அது எப்படிலே மாத்துறது? அந்தோணியார் மேல சத்தியம் பண்ணியாச்சு. ஒனக்க கல்யாணத்துக்காக நான் நரகத்துக்குப் போகணுமா? முதல்ல தின்னு. முகத்தைப் பாரு, பாதிதான் மிஞ்சியிருக்கு.”

கிழங்கும் சாளைக் குழம்பும் முன்னால் வந்தன. வாதாடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் காலையிலிருந்து கஞ்சி மட்டும் கண்ட வாய் அது. திறந்த வாய்க்குள் என் கை தானாகவே கிழங்கைத் திணித்தது. முள் எடுக்கக்கூடப் பொறுமையில்லாமல் அள்ளிப்போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

“அருமனைப் பையன், செல்வின்னு பேரு. தாய் பிறந்த வீடு இந்தப் பக்கமாம். தெரியுமாம்மா?” என்றார் கனகராஜ் சார்.

திரேசக்கா என் தலைக்கு மேலே கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அப்படி ஒரு ஆளை நான் கண்டதே இல்ல சாரே. மீன் கவிச்சியே அவனுக்கு ஆகாது.”

“கண்டதே இல்லன்னா ஆகாதுன்னு எப்படித் தெரியும்?”

இன்ஸ்பெக்டர் புத்தி போகுமா? அக்கா கடலையே பார்த்தாள். சாரின் பார்வை என் பக்கம் திரும்பியது. பையிலிருந்து போட்டோவை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். தன் உள்ளங்கையால் என் இடது கன்னத்துத் தாடியை மறைத்துவிட்டு, மழித்த வலது பாதியை மட்டும் போட்டோவோடு ஒத்துப் பார்த்தார்.

“ஐயா, நான்...” என்று ஆரம்பித்தேன். சாளை முள் தொண்டையில் குறுக்கே நின்றுவிட்டது. கண் பிதுங்கியது. கையைக் காலை ஆட்டினேன்.

“சாரே, இவன் யாருன்னே எனக்குத் தெரியாது” என்று சொல்லிக்கொண்டே அக்கா கிழங்கை ஒரு பெரிய உருண்டையாகப் பிடித்து என் வாய்க்குள் அழுத்தினாள். “சவைக்காம விழுங்குலே! விழுங்குலே செல்வினே!”

முள் இறங்கியது. மானமும் கூடவே இறங்கியது. சார் என் முதுகில் தட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உண்மையைச் சொல்லும். வெளியே தின்பீரா, மாட்டீரா?”

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் கொட்டினேன். “தின்பேன் சார். தாவீது அண்ணன் கடையில சாயங்காலம் முதல் ஈடு வடையை எடுக்கக்கூடாது. ரெண்டாவது ஈடுதான் பதம், ரசத்துல ஊறி உடையாம நிக்கும். அஷ்ரப் இக்கா கடையில புரோட்டாவுக்கு முந்தி வறுவலைச் சொல்லணும், இல்லன்னா சட்டியில ஒட்டின முறுவல் கிடைக்காது. கருங்கல் சந்தைக்குப் பக்கத்துல ஒரு அண்ணாச்சி பழம்பொரி போடுவாரு, ஏத்தம்பழம் நல்லாக் கறுத்தாத்தான் தொடுவாரு. இஞ்ச ஏலம் முடியுத நேரம் வந்தா அப்ப இறங்குன சாளை...”

அவர் இடைமறிக்கவே இல்லை. எச்சில் விழுங்குவது மட்டும் தெரிந்தது. நான் முடித்ததும் மெதுவாகச் சொன்னார். “வேலையில இருந்தவரை ஒரு கடையில உக்காந்து ஒரு வடை தின்னதில்ல தம்பி. கண்டவன் ‘ஓசியில திங்கான்’னு சொல்லுவான். வீட்டுலயும் அது குப்பை, இது நஞ்சுன்னு சொல்லியே மனசை அடக்கினேன். ரிட்டயர் ஆனதும் தின்னலாம்னு இருந்தேன். சுகர் வந்துட்டு. இப்ப மகளுக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் போறேன்னாத்தான் வண்டிச் சாவியே கையில கிடைக்கும்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ‘சரிப்படாது’ என்று போன அந்த மாப்பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர்மேல் ஒரு குற்றமும் இருந்திருக்காது. மாப்பிள்ளை சரிப்பட்டுவிட்டால் விசாரணை நின்றுவிடுமே! சிரிப்பு வந்தது. கூடவே, எதிரே வடை பொரியப் பொரியப் பார்த்துக்கொண்டே இத்தனை காலம் கடந்துபோன அந்த நேர்மையான மனிதரை நினைத்துத் தொண்டையும் அடைத்தது. (இந்த முறை முள் இல்லை.)

“கல்யாணத்துக்கு அப்புறமும் நான் கூட்டிட்டுப் போறேன் சார்” என்றேன்.

“மாமான்னு சொல்லும்” என்றார்.

எங்கள் கல்யாணத்துக்கு மூன்று பேரும் கடையை அடைத்துவிட்டு வந்தார்கள். மேடையில் ஷைனி, “இவங்க யாரு?” என்று கேட்டபோது திரேசக்கா, “எனக்கு இவனைத் தெரியாது மோளே” என்று சொல்லி நெய்மீன் பொரித்த பொட்டலத்தை என் கோட்டுப் பைக்குள் சொருகினாள். கதை வெளியே வந்துவிட்டது. இன்றைக்கும் வீட்டில் நான் இரண்டாம் முறை மீன் கேட்டால், “யாரு நீங்க? எந்த ஊரு?” என்றுதான் ஷைனி கேட்பாள். மாமாவின் சுகர் ரிப்போர்ட்டும் அவள் கையில்தான். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் மாமாவுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு தட்டுதான், அதிலும் பெரிய பங்கு எனக்கு.

போன வருஷம் முழுக்க ஷைனியின் தங்கைக்கு மாப்பிள்ளை விசாரித்தோம். நானும் மாமாவும் போகாத சந்தி இல்லை. ‘சரிப்படாது’ என்று வந்து சொல்லிச் சொல்லி எனக்கே கூச்சமாகிவிட்டது. கடைசியில் குளச்சல் பக்கம் ஒரு பையன். திரேசக்கா கடையில் உட்கார்ந்து அவன் பேரைச் சொன்னோம். அக்கா கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“அந்தோணியார் மேல சத்தியமா, அப்படி ஒரு ஆளை நான் கண்டதே இல்ல.”

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

“நல்ல பையன்” என்றார் மாமா. சம்பந்தம் அன்றைக்கே முடிவாயிற்று. ஆனால் தட்டு காலியான பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. முகம் வாடியிருந்தது.

“எனக்க பேத்தி இப்ப எத்தனாம் கிளாஸ்?”

“ஒண்ணாங் கிளாஸ் மாமா.”

“ம்” என்று விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். “காலம் கெட்டுக் கிடக்கு. இப்பவே விசாரிக்கத் தொடங்குனாத்தான் சரியா வரும், மருமகனே.”