செவுத்துக்கு ஓஸ் புடிச்சேன்

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. புதுசாப் பூசின செவுத்துக்குத் தண்ணி தெளிக்கணும்.

மஞ்சக்குப்பத்துல எங்க வீடு பழசு. ஹால் செவுரு பூரா ஓதம். பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, ஈரம் ஏறாம இருக்கக் கெமிக்கல் அடிச்சு, முந்தின நாள் சாயங்காலம்தான் மேஸ்திரி புதுசாப் பூசிட்டுப் போனாரு. ஞாயித்துக்கிழமை சிதம்பரத்துலேருந்து அக்காவைப் பொண்ணு பாக்க வராங்க. அதான் அவசரம்.

"ஈரம் போறதுக்கு இவ்ளோ செலவு பண்ணிட்டு, மறுபடியும் தண்ணியா?"ன்னு மேஸ்திரியக் கேட்டேன்.

"பூச்சு வெடிக்கக் கூடாதுல்ல பாப்பா. கையால தெளி. ஜாஸ்தி ஊத்தாத."

கையால தெளிச்சுப் பாத்தேன். பாதி செவுரு வர்றதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடுச்சு. பிளஸ் டூ முடிச்சதே பெருசுன்னு உக்காந்திருக்கறவ நான். பொறுமைக்கு எங்க போவேன்?

மோட்டார் போட்டேன். தோட்டத்து ஓஸை உள்ள இழுத்தேன். முனையைக் கட்டைவிரலால அழுத்திப் புடிச்சேன். சர்ர்ர்!

அட, இதுக்குப் போயி கையால தெளிக்கச் சொன்னாரேன்னு நெனச்சேன்.

தொப்!

தலகாணி அளவுக்குப் பூச்சு பேந்து வந்து சோபாவுல உக்காந்துச்சு. மாப்பிள்ளை உக்கார வேண்டிய எடம்!

அக்கா ஓடி வந்தா. "அடிப்பாவி! எனக்குப் புடிச்ச மாதிரி வந்ததே இந்த ஒரு மாப்பிள்ளைதான்டி!"

"அவரு என்ன செவுத்தையா கட்டிக்கப் போறாரு?"

அம்மா முறைச்சாங்க.

மேஸ்திரிக்குப் போன் போட்டோம். "திங்கக்கிழமைதாம்மா வர முடியும்"னுட்டாரு. ஓட்டை மேல பூப்போட்ட பெட்ஷீட்டைத் தொங்க விட்டோம்.

ஞாயித்துக்கிழமை வந்தாங்க. மாப்பிள்ளைக்கு வேர்க்குதேன்னு அம்மா ஃபேனை அஞ்சுல வெச்சாங்க.

பெட்ஷீட் பறந்துச்சு.

மாப்பிள்ளையோட அப்பா காபியை வெச்சிட்டு எழுந்து போயி, ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பாத்தாரு. "ஓதமா? எங்க வீட்லயும் இதே ரோதனைதான். இது எப்படி விழுந்துச்சு?"

"பழைய வீடு, அதான்..."னு அம்மா இழுத்தாங்க.

"நான்தான் மாமா ஓஸ் புடிச்சேன்"னேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாங்க. லேட்!

அப்புறம் முழுக்க செவுத்துப் பேச்சுதான். என்ன கெமிக்கல், எத்தனை கோட்டு, மணல் சலிச்சாங்களா... பொண்ணை யாருமே கண்டுக்கல, மாப்பிள்ளையைத் தவிர. அவரும் அக்காவும் ஓரமா நின்னு சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாங்க.

மறுநாள் சிதம்பரத்துலேருந்து போன். அம்மா ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"பொண்ணைப் புடிச்சிருக்கும்மா. அப்படியே உங்க மேஸ்திரியையும் அனுப்பி வைங்க. தண்ணி தெளிக்க மட்டும் நாங்களே ஆள் வெச்சுக்கறோம்."