நாலரையில் எத்தனை முக்கால்?

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். பாண்டியராஜனின் புளுகு பதினாறு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில், "பத்தாவதுல கணக்குல நூத்துக்கு நூறு" என்று அளந்துவிட்டான். வாங்கியது முப்பத்தாறு. அந்த மார்க் ஷீட் பீரோவின் அடித்தட்டில், கல்யாண ஆல்பத்துக்கும் கீழே பதுங்கிக் கிடந்தது. வீட்டில் அவனுக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்த நூறை நம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எட்டாவது படிக்கும் மகள் ரோகிணி நோட்டோடு வந்து நின்றாள்.

"அப்பா, மைனஸ் நாலு புள்ளி அஞ்ச மைனஸ் பூஜ்யம் புள்ளி ஏழு அஞ்சால வகுக்கணும். பின்னமா மாத்திப் போடணுமாம்."

பாண்டியராஜனுக்குப் புள்ளியைக் கண்டாலே ஆகாது. இதில் மைனஸ் வேறு, ஒன்றுக்கு ரெண்டாக. தின்ற கறிச்சோறு நெஞ்சிலேயே நின்றுகொண்டது. என்ன செய்வது? சட்டென்று ஒரு வழி தோன்றியது.

"அம்மாவப் போடச் சொல்லும்மா. நான் திருத்துறேன்."

மனைவி சுபலட்சுமி வில்லாபுரத்து வீட்டு முன்னறையிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். கத்தரியை வைத்துவிட்டு நோட்டை வாங்கினாள். நாற்பத்தைந்துக்குக் கீழே பத்து. எழுபத்தைந்துக்குக் கீழே நூறு. இரண்டாவதைத் தலைகீழாகப் போட்டுப் பெருக்கினாள். விடை, மைனஸ் ஆறு.

பாண்டியராஜன் புருவத்தைச் சுருக்கி, தாடையைத் தடவி, பெரிதாக ஒரு டிக் அடித்தான்.

"நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் சுபலட்சுமி.

"செண்டம் எடுத்தவன்கிட்டயே கேக்குறியா?"

ரோகிணி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். "அப்பா, இங்க வெறும் ஆறுன்னுதான் இருக்கு."

"அது... அச்சுப் பிழையா இருக்கும்மா."

"பிழையெல்லாம் இல்ல" என்றாள் சுபலட்சுமி. "நாலரை மீட்டர்ல முக்கால் மீட்டர் ஜாக்கெட் ஆறு. தெனமும் வெட்டுறேன். ரெண்டு மைனஸும் அடிபட்டுப் போயிரும்னு எனக்குத் தெரியாதா? வேணும்னேதான் மைனஸ் போட்டேன்."

"எதுக்குடி?"

"நீங்க பாக்குறீங்களா, பாக்குற மாதிரி நடிக்கிறீங்களான்னு பாக்கத்தான்."

பாண்டியராஜனின் கண் தன்னாலே பீரோப் பக்கம் போனது.

"அங்க என்ன பார்வை? பூச்சி அரிச்சிரக் கூடாதேன்னு, கல்யாணமான மாசமே அந்த முப்பத்தாறுக்கு லேமினேஷன் போட்டு வச்சுட்டேன்."