அம்மாவின் கூடையும் என் கண்ணாடித் தகடும்

எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். இதை நானே ஒப்புக்கொள்வதற்குள் என் தம்பி ரவி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். காரணம், ஹட்டனில் என் அலமாரியில் இருக்கும் ஏழு பழைய மடிப்புக் கேமராக்கள். மூடினால் சாப்பாட்டுப் பெட்டி மாதிரி இருக்கும். திறந்து இழுத்தால் தோல் துருத்தியோடு மூக்கு நீளும். பிலிம் சுருளெல்லாம் கிடையாது, ஒரு படத்துக்கு, வெளிச்சம் புகாத உறையில் ஒரு கண்ணாடித் தகடு. செல்போனில் படம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். (அப்போது! இப்போது வாயைத் திறப்பதில்லை.)

அம்மா அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். வேலையை விட்டு நிற்கப்போகும் வாரத்தில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“வர்ற வெள்ளைக்காரனெல்லாம் என்னைய படம் புடிச்சுட்டுப் போறான். எந்தெந்த நாட்டுல தொங்குறேனோ! நம்ம வீட்டுச் செவுத்துல ஒண்ணு இல்லயே பிள்ள. கடைசி நாளு, கூடையோட ஒரு படம் எடுத்துக் குடு.”

வாழ்க்கையில் அம்மா என்னிடம் கேட்ட முதல் பொருள் அதுதான். விடுவேனா?

கடைசி நாள் காலை, மலைக்கே போய் முக்காலியை நட்டேன். என்னிடம் இருந்தது இரண்டே தகடு. முதலில் எல்லாப் பெண்களும் சேர்ந்து ஒன்று, பிறகு அம்மா மட்டும் ஒன்று என்று திட்டம். ரவி செல்போனை எடுத்தான்.

“உள்ள வைடா அத! இன்னைக்கு யாரும் போன்ல எடுக்கக் கூடாது” என்று கத்தினேன். பள்ளிக்கூடத்தில் கத்திப் பழகிய என் டீச்சர் குரலுக்குப் பயந்து எல்லாரும் போனை உள்ளே வைத்தார்கள். அங்கேதான் சனியன் பிடித்தது.

கேமராவின் பின்கண்ணாடியில் உருவம் தெரிய வேண்டுமானால் தலையில் கறுப்புத் துணியைப் போர்த்த வேண்டும். போர்த்தினேன். மலையே அதிரும்படி அம்மாவின் குரல் கேட்டது.

“அடிப்பாவி! அது எம் பாவாடடி! இத்தன பேருக்கு முன்னால தலையில மாட்டிக்கிட்டு நிக்கிறியே!”

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. பின்கண்ணாடியில் எல்லாரும் தலைகீழாகத் தொங்கினார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, யாரும் கூப்பிடாமலே வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஓரத்தில் வந்து விறைப்பாக நின்றார். தினமும் அம்மாவின் கூடைக்குள் கையை விட்டு, “என்னா இது, கொழுந்துக்குள்ள முத்தல் இலை?” என்று பிடுங்குகிற அதே மனிதர். அவரையும் சேர்த்தே எடுத்தேன்.

பிறகு அம்மாவைக் கிட்டத்தில், கூடை தெரிய ஒருக்களித்து நிற்கவைத்தேன். பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. “சுருக்கா எடுங்க டீச்சர், கொழுந்து லொறி வந்துரும்!” என்று கண்டாக்கையா வேறு விரட்டினார். கோட்டுப் பையிலிருந்து தகட்டை எடுத்துச் செருகி, ராணி மாதிரி நின்ற அம்மாவை எடுத்து முடித்தேன்.

மறுநாள் குளியலறை ஜன்னலைக் கம்பளியால் அடைத்து, இரண்டு தகட்டையும் கழுவினேன். ஒன்றில் ஒன்றுமே இல்லை. மற்றதில் இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன! எடுத்த தகட்டை எடுக்காத தகடு இருந்த அதே பையில் போட்டு, திரும்ப அதையே எடுத்துச் செருகியிருக்கிறேன். ‘செய்முறையை வரிசைப்படி செய்’ என்று பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துகிற விஞ்ஞான டீச்சர் செய்த வேலை இது. வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து அழுதேன். போனில்கூட ஒரு படம் இல்லை. அந்த நாள் இனி வரவும் வராது.

மூன்று நாள் சாக்குச் சொல்லிப் பார்த்தேன். அம்மா விடவில்லை. கடைசியில் தாளில் அச்செடுத்துக் கொண்டுபோய் நீட்டிவிட்டு, அடிவாங்கத் தயாராக நின்றேன்.

படத்தில் அம்மா மலை உயரத்துக்கு நின்றாள். அவள் சேலைக்குள் தேயிலைச் செடிகளும், கூட வேலைசெய்த பெண்களும் வரிசையாகத் தெரிந்தார்கள். இருட்டாக விழுந்த கூடைக்குள், வெள்ளைச் சட்டையோடு, சாண் உயரத்துக்கு ஒரு ஆள்.

அம்மா கண்ணருகே வைத்துப் பார்த்தாள். “இது யாரு, கண்டாக்கையாவா?”

“மன்னிச்சிரும்மா.”

“வாய மூடு பிள்ள.” தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். “இத்தன வருஷமா எங் கூடையில முத்தல் இலை தேடுனாரே மனுசன்! இந்தா கெடக்கு பாரு, ஒரே ஒரு முத்தல் இலை!”

அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்து லயத்து வீடுகளின் ஆட்களெல்லாம் வந்துவிட்டார்கள். ரவி அப்புறம் போனில் எடுத்துக் கொடுத்த நல்ல படங்கள் அலமாரிக்குள் கிடக்கின்றன. வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுவது நான் எடுத்த படம்தான். வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, “எம் மக எடுத்தது, வேற யாராலயும் இப்புடி எடுக்க முடியாது” என்கிறாள். அது முழு உண்மை.

வீட்டில் யார் அதிகாரம் காட்டினாலும் இன்றும் ஒரே மிரட்டல்தான்: “கூடைக்குள்ள போட்டுருவேன்!” அதிகமாக வாங்குவது நான்தான்.