உலக்கை: ஏழுக்கு இரண்டு

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஐந்து ஐம்பதுக்குக் காபி. ஆறு மணிக்கு மைன்ஸ் ஷிப்ட் பஸ் போனது; நான் அதில் ஏறவில்லை, விடுப்பு. அன்று காலை எட்டு மணிக்குமேல் சூரிய கிரகணம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அதுவரை என்னை நான் பெரிய ஐயவாதி என்று நினைத்திருந்தேன். சுரங்க ஆய்வகத்தில் நிலக்கரியின் ஈரப்பதம் அளக்கும் வேலை. எதையும் சோதிக்காமல் நம்ப மாட்டேன். (ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கினாலும் வீட்டுக்கு வந்து மறுபடி எண்ணுவேன்.)

மகள் மலர் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. கிரகணம் பார்க்க ஆசைப்பட்டு, அதற்கான கண்ணாடியும் வாங்கி வைத்திருந்தாள். ஆனால் அவள் மாமியார் முதல் நாள் காலையிலேயே பண்ருட்டியிலிருந்து முந்திரிப் பெட்டியுடன் எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிட்டார், மருமகள் வாசல் தாண்டாமல் பார்த்துக்கொள்ள. முந்திரியை டப்பாவில் கொட்டிவிட்டு, பெட்டியின் அட்டையைப் பிரித்து, படுக்கையறையின் கிழக்கு ஜன்னலை அடைத்தார். மஞ்சள் தண்ணீர்த் தாம்பாளத்தில் நிறுத்த உலக்கையும் தயார். கிரகணம் பிடித்தால் அது தானாக நிற்கும், விட்டால் விழும் என்றார்.

“அடி தட்டையா இருந்தா அது எந்த நாளும் நிக்குங்க, சம்பந்தியம்மா.”

“அப்படிங்களா? நாளைக்குக் கெரகணம் புடிக்கிறதுக்கு முன்னாடி நிக்க வெச்சிக் காட்டுங்க சம்பந்தி. நின்னுட்டா, மருமவள நானே வெளிய கூட்டிக்கினு வரேன்.”

மலரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். மதியம் சம்பந்தியம்மா கண் அயர்ந்த நேரத்தில் ஒத்திகை பார்த்தேன். ஏழு முறை வைத்தேன். இரண்டு முறை நின்றது.

“நிக்குதாப்பா?”

“நின்னுச்சும்மா. ரெண்டு தடவ!” (மற்ற ஐந்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.)

வியாழன் ஏழு நாற்பதுக்கு, முற்றத்தில், எல்லார் முன்னிலையிலும் உலக்கையை நிறுத்தினேன். சாய்ந்தது. இன்னொரு முறை. சாய்ந்தது. மூன்றாவது முறை தாம்பாளத்தின் விளிம்பில் விழுந்து, மஞ்சள் தண்ணீரை என் வெள்ளைச் சட்டைக்கு அபிஷேகம் செய்து, இடது கால் கட்டைவிரலில் போய்ப் படுத்துக்கொண்டது.

வேலிக்கு அப்பால் நின்ற எதிர்க் குவார்ட்டர்ஸ் ஸ்டீபன் சார், “சார், உலக்கைக்கு ஷிப்ட் எட்டு மணிக்குத்தான் போல!” என்றார்.

எட்டரைக்குச் சம்பந்தியம்மா அதே உலக்கையை ஒரே தடவை வைத்துக் கையை எடுத்தார். கம்பம்போல் நின்றது. அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “கால் வீங்கிக்கினு வருது, ஒக்காருங்க சம்பந்தி” என்றார்.

எட்டு மணிக்கு முன்பே, அறைக்குள் போகும்போது மலர் கண்ணாடியை என் கையில் கொடுத்திருந்தாள். “நீங்களாவது பாருங்கப்பா.” எனக்கு மனம் வரவில்லை.

ஒன்பதரை இருக்கும். “அப்பா! சீக்கிரம் வாங்க!”

நொண்டிக்கொண்டு ஓடினேன். இருட்டறையின் தரையில் பத்துப் பன்னிரண்டு குட்டிப் பிறைகள் மின்னிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே பக்கம் தேய்ந்தவை. ஜன்னல் அட்டையில், பெட்டிக்கு ஸ்டேப்ளர் பின் அடித்திருந்த துளைகள் வழியாகச் சூரியன் உள்ளே வந்திருந்தது. வழக்கப்படி சந்தேகப்பட்டு ஒரு துளையை விரலால் மூடினேன். ஒரு பிறை அணைந்தது. எடுத்தேன், வந்தது. அதற்குமேல் கேட்க என்னிடம் கேள்வி இல்லை. இருபது வருடமாக முற்றத்து மரநிழலில் வட்ட வட்டமாக வெயில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வட்டமும் சூரியனின் படம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மலர் உள்ளங்கையை நீட்டினாள். ஒரு பிறை அதில் வந்து உட்கார்ந்தது.

“ஐயையோ, கைய எடும்மா!” என்று ஓடிவந்தார் சம்பந்தியம்மா.

“நான் வெளிய போகலையே அத்தை. அதுவாத்தானே உள்ள வந்திருக்கு.”

அவர் மெல்லக் குனிந்து தன் கையையும் நீட்டினார். “சுடவே இல்லியே!” என்றார், குழந்தைபோல.

மாலையில் மலரிடம், ஒத்திகையில் உலக்கை விழுந்த அந்த ஐந்து தடவையையும் சொன்னேன். “எல்லாரையும் சந்தேகப்படுறீங்க, உங்கள மட்டும் விட்டுடுறீங்களேப்பா” என்றாள். ஐயவாதத்துக்கு அதைவிடச் சரியான விளக்கத்தை நான் படித்ததில்லை. இன்றும் நான் எதையாவது அடித்துச் சொன்னால், வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் கேட்பது: “எத்தனைக்கு எத்தனை?”

மறுநாள், வெள்ளி. ஐந்தரைக்கு எழுந்ததும் முதல் வேலையாக உலக்கையை எடுத்தேன். மூன்று முறை விழுந்தது. நான்காவது முறை நின்றது. மனைவி அமலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் உலக்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இன்னும் கிரகணம் விடல போலிருக்குங்க. குளிச்சிட்டு வாங்க, அப்புறந்தான் காபி.”